கட்டிக்கிட்டே இருந்தும் அத்தையோட கார்டு கடன் ஏன் ஏறுது?

கேள்வி: எங்க அத்தைக்கு 66 வயசு, ராஜபாளையத்துல தனியா இருக்காங்க. மாமா மில்லுல வேலை பார்த்தவரு, அவர் தவறினப்புறம் அத்தைக்கு பிஎஃப் பென்ஷன் 2,400 வருது, வீட்லயே ஜாக்கெட் தைச்சு ஒரு 7,000 கிட்ட கிடைக்கும், அவ்ளோதான் வருமானம். மாமா ஆஸ்பத்திரில இருந்தப்ப, பென்ஷன் வர்ற அதே பேங்க் குடுத்த கிரெடிட் கார்டைத்தான் தேய்ச்சிருக்காங்க. போன வருஷம் 62,000 இருந்த பாக்கி இப்ப 71,400. கார்டை இப்ப தொடுறதே இல்ல, மினிமம் டியூ, அதாவது பில்லுல குறைஞ்சபட்சம் கட்டச்சொல்ற தொகை, 3,570 மாசாமாசம் கட்டுறாங்க, ஆனா டியூ தேதி 26, கையில காசு வர்றது 1ஆம் தேதிக்கு மேல, அதனால லேட் ஃபீ 1,100 விழுந்துடுது. காலைல ஏழு மணிக்கே போன் வருது, பக்கத்து வீட்டுக்கும் போன் பண்ணிட்டாங்களாம். எனக்கு சம்பளம் 26,000. நான் பர்சனல் லோன் எடுத்து அடைச்சிடட்டுமா, இல்ல அத்தை செயினை அடகு வைக்கலாமா?

பதில்: ரெண்டுமே இப்ப வேணாம், கொஞ்சம் பொறுங்க. முதல்ல அந்த பில்லை எடுத்து வச்சு என்கூட கணக்கு போடுங்க, ஏன்னா அத்தைக்கு இதை யாருமே புரியுற மாதிரி சொல்லியிருக்க மாட்டாங்க.

நிறைய கார்டுல மாச வட்டி மூணரைல இருந்து 3.75 சதவீதம் வரைக்கும் இருக்கும், நடுவுல 3.6னு வச்சுக்குவோம். 71,400க்கு ஒரு மாச வட்டி 2,570. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 463. லேட் ஃபீ 1,100, அதுக்கும் ஜிஎஸ்டி 198. எல்லாம் கூட்டினா 4,331. அத்தை கட்டுறது 3,570. அதாவது வருமானத்துல மூணுல ஒரு பங்குக்கு மேலயே எடுத்து குடுத்தும் மாசம் 760 ரூபா கடன் ஏறுது. அத்தை பொறுப்பில்லாம இருந்ததால இது ஏறல, தவறாம கட்டியும் ஏறியிருக்கு, இதை நீங்க அவங்க கையை பிடிச்சு சொல்லணும். எங்க பெரியம்மா இப்படித்தான் பில்லையெல்லாம் அரிசி டப்பாக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தாங்க, பிள்ளைங்களுக்கு தெரிஞ்சா என்ன நினைப்பாங்கன்னு பயந்து பிபி மாத்திரையை பாதியா உடைச்சு போட்டுக்கிட்டு இருந்தாங்க, அது எங்களுக்கு தெரிஞ்சப்ப ரொம்ப லேட்டு. அத்தை மாத்திரை ஒழுங்கா போடுறாங்களான்னு இன்னிக்கே கேளுங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்து ஃப்ரீயா குடுக்குறாங்க, பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு பதிஞ்சா போதும்.

சரி, கடனுக்கு வருவோம். உடனே செய்ய வேண்டியது அந்த 26ஆம் தேதியை மாத்துறது. பில்லிங் சைக்கிளை, அதாவது மாசாமாசம் பில் போடுற தேதியை, ஒரு தடவையாவது மாத்திக்க வாய்ப்பு குடுக்கணும்னு ஆர்பிஐ விதியே இருக்கு. டியூ தேதி 5, 6ன்னு வர்ற மாதிரி மாத்தி கேளுங்க, இது ஒண்ணுலயே மாசம் 1,298 மிச்சம். இன்னொண்ணும் இருக்கு, டியூ தேதி தாண்டி மூணு நாளுக்கு மேல பாக்கி நின்னாத்தான் லேட் ஃபீயே போட முடியும், அதனால பழைய பில்லுங்கள்ல ரெண்டாம் நாள், மூணாம் நாள் கட்டினதுக்கெல்லாம் ஃபீ போட்டிருந்தா திருப்பி கேளுங்க. பில்லை வரி வரியா பாருங்க, கார்டு ப்ரொடெக்‌ஷன், இன்சூரன்ஸ்னு மாசம் 200, 300 எடுத்துக்கிட்டு இருப்பாங்க, அத்தை சம்மதிக்காம சேர்த்திருந்தா அதையும் எழுதி கேளுங்க.

அடுத்தது, மொத்த பாக்கியையும் ஈஎம்ஐயா மாத்தி தரச்சொல்றது. போன்ல கேட்டா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் லைன்ல வருவாங்க, முடிவு கிடைக்காது. அத்தை கையெழுத்து போட்ட லெட்டரா, வயசு, வருமானம், விதவைங்கிறது எல்லாம் எழுதி, பென்ஷன் வர்ற பாஸ்புக் பக்கத்தோட காப்பி வச்சு, பேங்கோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயிலும் பண்ணுங்க, பிராஞ்ச்ல குடுத்து சீல் போட்ட காப்பியும் வாங்கிக்குங்க. 16 சதவீதத்துல 24 மாசம் போட்டு குடுத்தாங்கன்னு வைங்க, ஈஎம்ஐ 3,500 கிட்ட, முதல் மாசம் ஜிஎஸ்டி 170 சேரும், அப்புறம் அது குறைஞ்சுக்கிட்டே வரும். கவனிச்சீங்களா, அத்தை இப்ப கட்டுற அதே காசுதான், ஆனா ரெண்டு வருஷத்துல கடன் முடிஞ்சிடும். ப்ராசசிங் ஃபீ எவ்வளவுன்னு கேட்டுட்டு சம்மதிங்க. நீங்க மாசம் 1,500 போட்டா அத்தைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், அந்த அளவுக்கு உங்க சம்பளம் தாங்கும்னு நினைக்கிறேன். ஆனா கடனை உங்க பேருக்கு மாத்தாதீங்க, ஒரு மாசம் வேலைல பிரச்சனைன்னா ரெண்டு குடும்பமும் சேர்ந்து முழுகும்.

பேங்க் முடியவே முடியாதுன்னு சொன்னா மட்டும் செயினை யோசிங்க. அதுவும் சேட்டு கடைல வேணாம், பேங்க்லயோ கூட்டுறவு சங்கத்துலயோ வைங்க. வருஷத்துக்கு 10 சதவீத வட்டின்னா அதே 3,500ஐ கட்டி 23 மாசத்துக்குள்ள முடிச்சிடலாம், கணக்குல பார்த்தா ஈஎம்ஐயை விட இதுல செலவு கம்மிதான், ஒரு 7,500 மிச்சமாகும். இருந்தும் நான் ரெண்டாவதா சொல்றதுக்கு காரணம், கார்டு கடன் தவறினா பேங்க்காரன் போன் பண்ணுவான், மிஞ்சிப்போனா கோர்ட்டுக்கு போவான், நகைக்கடன் தவறினா செயின் ஏலத்துக்கு போயிடும், அத்தைக்கு கையில இருக்கிறது அந்த ஒண்ணுதான்.

பென்ஷன் அதே பேங்க்ல வர்றதுதான் எனக்கு கவலையா இருக்கு. பெரும்பாலான கார்டு ஒப்பந்தத்துல, பாக்கி இருந்தா உங்க அக்கவுண்ட்ல இருந்து எடுத்துக்குவோம்னு ஒரு வரி இருக்கும், ஒருநாள் மளிகைக்கு காசு எடுக்கப்போனா பேலன்ஸ் இருக்காது. 2025 ஜனவரில இருந்து பிஎஃப் பென்ஷனை எந்த பேங்க்ல வேணாலும் வாங்கிக்கலாம், அதனால வேற பேங்க்ல ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் தொடங்கி பென்ஷனை அங்க மாத்திடுங்க. கடனை ஏமாத்துறதுக்கு இல்ல இது, எந்த காசு சாப்பாட்டுக்கு எந்த காசு கடனுக்குன்னு அத்தை முடிவு பண்ணணும்ல.

போன் விஷயம். காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் வசூல் ஆளுங்க கூப்பிடக்கூடாதுன்னு 2022ஆகஸ்ட்லயே ஆர்பிஐ உத்தரவு போட்டாச்சு, மிரட்டக்கூடாது, சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க முன்னாடி அசிங்கப்படுத்தவும் கூடாது. எந்த நாள், எத்தனை மணி, எந்த நம்பர்னு அத்தையோட தையல் நோட்டுல கடைசி பக்கத்துல எழுதச்சொல்லுங்க, பக்கத்து வீட்டுக்காரங்க போன்ல வந்த கால் ஸ்க்ரீன்ஷாட் வாங்கிக்குங்க. இதோட பேங்குக்கு புகார் குடுங்க, 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ஆர்பிஐ ஒம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், காசு கிடையாது, 14448க்கு போன் பண்ணா எப்படின்னு சொல்லுவாங்க. கார்டு கடனை கட்ட முடியலங்கிறதுக்காக ஜெயில்ல போட மாட்டாங்க, இது சிவில் விவகாரம். ஆனா செக் மட்டும் எழுதி குடுத்துடாதீங்க, அது திரும்பினா கிரிமினல் கேஸ் ஆயிடும். கோர்ட் நோட்டீஸ் வந்தா தூக்கி பீரோல வைக்காம 15100ங்கிற சட்ட உதவி நம்பருக்கு கூப்பிடுங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உதவி உண்டு.

பாதி கட்டினா போதும், நாங்க செட்டில் பண்ணித் தர்றோம்னு முன்பணம் கேட்டு வர்ற ஏஜென்ட் யாரா இருந்தாலும் அனுப்பிடுங்க. பேங்கோட நேரடியா செட்டில்மென்ட் பேசினா கூட, எழுத்துல லெட்டர் வந்தப்புறம்தான் ஒரு ரூபாயும் குடுக்கணும், கடன் வரலாறை பதிஞ்சு வைக்கிற சிபில்ல அது செட்டில்டுனு பதிவாகி பிற்காலத்துல லோன் கேட்டா இடிக்கும்.

கேள்வி: அப்பா இறந்துட்டாரு, அவர் கார்டுல 1,10,000 பாக்கியாம். அம்மாதான் கட்டணும்னு போன்ல சொல்றாங்க. சரியா?

பதில்: இல்ல. அம்மா அந்த கடனுக்கு ஜாமீன் போடலைன்னா அவங்க சொந்த காசுல கட்ட வேண்டியதில்ல, அப்பா விட்டுட்டுப்போன சொத்துல இருந்து, அந்த சொத்தோட மதிப்பு வரைக்கும்தான் பேங்க் கேட்க முடியும். இறப்பு சான்றிதழ் காப்பியோட லெட்டர் குடுத்து வட்டியை நிறுத்தச்சொல்லுங்க. கார்டோட இன்சூரன்ஸ் ஏதாவது இருந்துச்சான்னும் கேளுங்க, இதை அவங்களா சொல்லவே மாட்டாங்க. அம்மாகிட்ட ஆட்-ஆன் கார்டு, அதாவது அப்பா கணக்குலயே குடுத்த கூடுதல் கார்டு, இருந்தா இனிமே தேய்க்கவே கூடாது.

கேள்வி: முழுசா கட்டி முடிச்சும் கார்டை க்ளோஸ் பண்ண மாட்டேங்குறாங்க, ஆஃபர் தர்றோம்னு இழுத்தடிக்கிறாங்க.

பதில்: பாக்கி இல்லாத கார்டை, கேட்ட 7 வேலை நாளுக்குள்ள மூடணும், இல்லன்னா அதுக்கப்புறம் மூடுற வரைக்கும் நாளைக்கு 500 ரூபா உங்களுக்கு குடுக்கணும். தபால்லதான் அனுப்பணும்னும் அடம் பிடிக்கக்கூடாது. இன்னிக்கு மெயில்ல கேளுங்க, தேதி பதிவாயிடும், நோ டியூ சர்டிஃபிகேட்டையும் அதே மெயில்லயே கேட்டுடுங்க.