கிறிஸ்துமஸ் சீட்டில் சேரலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

நாகர்கோவிலை அடுத்த ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் வீட்டில் நடப்பது இதுதான்: கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று என்று பிள்ளைகளுக்கு இரண்டு உடுப்பு, பலகாரம், கேக், இறைச்சி, நாத்தனார் பிள்ளைகளுக்குப் பரிசு, கேரல் பவனி வருகிறவர்களுக்குக் காணிக்கை. கையில் இருப்பது கரைந்து, கடைசி வாரத்தில் ஒரு வளையல் அடகுக் கடைக்குப் போகும். இந்த முறையும் 15,000 ரூபாய்க்கு வைத்திருக்கிறோம். நூற்றுக்கு இரண்டு வட்டி.

எங்கள் தெருவில் ஓர் அக்கா கிறிஸ்துமஸ் சீட்டு நடத்துகிறார். மாதம் 500 ரூபாய் வீதம் ஜனவரி முதல் டிசம்பர் வரை கட்டினால், டிசம்பர் நடுவில் 6,500 ரூபாய் தருகிறார். பணம் வேண்டாம் என்றால் எண்ணெய், மைதா, சர்க்கரை, முந்திரிப்பருப்பு, கூடவே ஒரு வெள்ளிக் காசு. மாதம் 2,000 ரூபாய் எங்களால் ஒதுக்க முடியும்; நான்கு சீட்டு சேரலாம் என்று நினைக்கிறேன். கணவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். ஆனால் வங்கியில் போட்டால் ஆகஸ்ட் வருவதற்குள் ஏதோ ஒரு காரணத்துக்கு எடுத்துவிடுகிறோம். எங்கள் சபை மூப்பர் ஒருவர், ஒரு நாள் கொண்டாட்டத்துக்காக வருடம் முழுவதும் காசு சேர்ப்பதே உலகத்தாரின் வழி என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரி,

மூப்பரை முதலில் முடித்துவிடுகிறேன். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இயேசுவே சொல்லியிருக்கிறார். வருடம் முழுவதும் சேர்ப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. வருடம் முழுவதும் அடகு வட்டி கட்டுவதில் பக்தியும் இல்லை.

இனி சீட்டு. 6,000 கட்டினால் 6,500 வருகிறது; நூற்றுக்கு எட்டு ரூபாய் லாபம் போலத் தோன்றும். ஆனால் ஜனவரியில் கட்டிய 500 மட்டும்தான் ஏறக்குறைய ஓர் ஆண்டு அவரிடம் இருக்கிறது. நவம்பரில் கட்டியது ஒன்றரை மாதமும், டிசம்பரில் கட்டியது சில நாட்களும் மட்டுமே இருக்கின்றன. சராசரியாகப் பார்த்தால் உங்கள் பணம் அவரிடம் இருப்பது ஆறு மாதம். ஆறு மாதத்துக்கு எட்டு ரூபாய் என்றால் ஆண்டு வட்டி 15 சதவீதத்துக்குக் குறையாது. மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பான ஆர்.டி.க்கு வங்கிகள் தருவது 6, 7 சதவீதத்தை ஒட்டித்தான்.

அப்படியானால் அந்த அக்காவுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? இரண்டு வழிதான் இருக்க முடியும். பொருளாகக் கொடுத்தால், மொத்த விலையில் வாங்கிச் சில்லறை விலையில் கணக்கு எழுதலாம். பணமாகக் கொடுத்தால், வசூலானதை மாதாமாதம் வட்டிக்கு விட்டிருப்பார். இரண்டு வட்டிக்கோ மூன்று வட்டிக்கோ வாங்கியவர் அதே தெருவின் இன்னொரு முனையில் இருப்பார். அவர் திருப்பித் தராவிட்டால் உங்கள் வீட்டுக் கேக்கும் பிரியாணியும் அவரோடு போயின. அக்கா நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே இதில் எழவில்லை. தெருவில் சீட்டு நடத்தி ஓடிப்போனவர்களில் பலர், தாங்கள் கடன் கொடுத்த இடத்தில் ஏமாந்தவர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊர்களில் வழக்கமாக நடக்கும் குலுக்கல் சீட்டிலும் ஏலச் சீட்டிலும் ஒவ்வொரு மாதமும் வசூலான தொகை யாரோ ஒருவருக்குப் போய்விடும்; நடத்துகிறவர் கையில் மொத்தமாகத் தங்காது. பண்டிகைச் சீட்டு அப்படியில்லை. ஜனவரியில் தொடங்கிய பணம் ஒருவர் கையிலேயே வளர்ந்துகொண்டு போகிறது. 60 பேர் ஆளுக்கு இரண்டு சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் தவணை முடியும்போது அவரிடம் 6 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் இருக்க வேண்டும். யாரும் தணிக்கை செய்வதில்லை. ரசீது என்பது ஒரு சிறு அட்டையில் அவர் போடும் கையெழுத்து. தீபாவளிச் சீட்டுக்காரர் தலைமறைவானார் என்ற செய்தி தீபாவளியை ஒட்டியே வருவதற்குக் காரணம் இதுதான். பணம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான், அது அங்கே இல்லை என்பது தெரியவருவதும் அப்போதுதான்.

படிப்பறிவில்லாத தெருக்களில்தான் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் ஃபேர்பேக் என்று ஒரு நிறுவனம் இருந்தது. கிறிஸ்துமஸ் உணவுக் கூடைகளுக்கும் கடைக் கூப்பன்களுக்கும் மக்களிடம் மாதாமாதம் பணம் வாங்கிய, முறையாகப் பதிவு செய்யப்பட்ட நிறுவனம். பணம் வசூலித்தவர்கள் பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள்தான். அக்கம்பக்கத்தாரிடமும் சொந்தக்காரரிடமும் வாங்கிக் கட்டினார்கள். 2006 அக்டோபர் 13 அன்று அது திவாலானது. கிறிஸ்துமஸுக்குப் பத்து வாரம் இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம், சுமார் 3.7 கோடி பவுண்டு, போனது. பெரும்பாலும் எளிய குடும்பங்கள். வாடிக்கையாளர் பணம் தனிக் கணக்கில் வைக்கப்படாமல் தாய் நிறுவனத்தின் மற்றச் செலவுகளோடு கலந்திருந்தது. அந்த நிறுவனத்துக்கு வங்கி மேற்கொண்டு கடன் தர மறுத்ததும் எல்லாம் நின்றது. வழக்கு, விசாரணை, இழப்பீடு என்று ஆறு ஆண்டு இழுத்து, 2012-இல் மக்களுக்கு ஏறக்குறையப் பாதிப் பணம் வந்தது. அந்தத் திவாலுக்குப் பிறகுதான் அங்கே இத்தகைய நிறுவனங்கள் கிறிஸ்துமஸ் சேமிப்பை அறக்கட்டளைக் கணக்கில் தனியாக வைக்கும் முறை வந்தது. பணத்தை இழந்தவர்களோடு, வசூலித்துக் கொடுத்த பெண்களும் அக்கம்பக்கத்தில் முகம் காட்ட முடியாமல் தவித்தார்கள். உங்கள் தெரு அக்காவுக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்பதற்காகவும் சொல்கிறேன்.

உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் நீங்கள் சொல்வதில்தான் எனக்கு அதிக அக்கறை. வங்கியில் போட்டால் எடுத்துவிடுகிறோம் என்கிறீர்கள். சீட்டுக்கு ஆட்கள் சேர்வது வட்டிக்காக என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நடுவில் எடுக்க முடியாது என்பதற்காகவும், மாதம் பிறந்ததும் வாசலில் ஒருவர் வந்து நின்று கேட்பார் என்பதற்காகவும் சேர்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் என்ற சிற்றூரில் ஒரு வங்கி 1909-இல் கிறிஸ்துமஸ் கிளப் என்று ஒரு கணக்கைத் தொடங்கியது. வாராவாரம் சிறு தொகை கட்ட வேண்டும், டிசம்பரில்தான் கிடைக்கும். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 350 பேர் வரை. பிறகு நாடு முழுவதும் வங்கிகள் இதைப் பின்பற்றின. அவற்றில் பல வட்டியே தரவில்லை. தந்தவையும் சாதாரணக் கணக்கைவிடக் குறைவாகவே தந்தன. இருந்தும் மக்கள் வரிசையில் நின்று சேர்ந்தார்கள். தங்கள் கையை நம்பாதவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே உங்களுக்குத் தேவை அந்தப் பூட்டு. அதை அக்காவிடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் பூட்டுக்கு முன்னால் வளையல். நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்த அந்த வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 15,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 300 ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். அதை அப்படியே விட்டுவிட்டு 2,000 ரூபாயைச் சீட்டிலோ ஆர்.டி.யிலோ போடுவது, 24 கொடுத்து 15-ஐயோ 7-ஐயோ வாங்குவதாகும். பிப்ரவரியிலிருந்து அந்த 2,000 ரூபாயை அடகுக் கடையில் கட்டுங்கள். வட்டி போக மீதியை அசலில் வரவு வைக்கச் சொல்லி ரசீது வாங்குங்கள். செப்டம்பரில் பாக்கி நானூறு ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்கியிருக்கும். அக்டோபரில் வளையல் வீட்டுக்கு வந்துவிடும். அசல் குறையக் குறைய வட்டியும் குறைவதால் மொத்த வட்டி 1,420 ரூபாயைத் தாண்டாது. அக்டோபர் மிச்சமும் நவம்பர், டிசம்பர் ஒதுக்கீடும் சேர்ந்தால் ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். அதோடு உங்கள் கணவருக்குத் தீபாவளி போனஸ் இருக்குமே. போனஸ் சட்டம் பொருந்தும் கடையென்றால் ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் வரை. கிறிஸ்தவ வீடுகளில் இந்த போனஸ் கிறிஸ்துமஸ் வரைக்கும் தாக்குப்பிடிப்பது அபூர்வம். ஊரே கடைவீதியில் நிற்கும்போது நாம் மட்டும் வீட்டில் இருக்க மாட்டோம் அல்லவா? வந்த அன்றே பாதியையாவது எடுத்து வைத்தால் வரும் கிறிஸ்துமஸ் கொஞ்சம் சின்னதாக இருக்கும், ஆனால் கடனில்லாமல் நடக்கும்.

டிசம்பர் முதல் வாரத்தில், செலவு நெருக்கும் அதே நாட்களில், 12 மாத ஆர்.டி. ஒன்றைத் தொடங்குங்கள். அந்த மாத ஒதுக்கீடு முதல் தவணைக்குப் போய்விடும். அதைப் போனஸிலிருந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். ஏன் டிசம்பர் என்றால், சில வங்கிகளில் ஆர்.டி.யின் குறைந்தபட்சக் காலம் 12 மாதம். ஜனவரியில் தொடங்கினால் பணம் அடுத்த ஜனவரியில்தான் வரும், கேக் தீர்ந்த பிறகு. அஞ்சலகத் தொடர் வைப்பு நல்ல திட்டம்தான். ஆனால் அது ஐந்தாண்டுக் கணக்கு, மூன்று ஆண்டுக்கு முன் முடிக்க முடியாது. வருடாந்தரக் கிறிஸ்துமஸுக்கு அது பொருந்தாது.

பூட்டைப் பற்றிக் கேட்டால், கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் உடைக்க முடிகிற ஆர்.டி. உங்களுக்கு ஆகாது. சம்பளம் வராத வேறொரு வங்கியில், உங்கள் பெயரில், செயலியும் ஏ.டி.எம். அட்டையும் வாங்காமல் கிளைக்கு நேரில் போய்த் தொடங்குங்கள். சம்பளம் வந்த மறுநாள் அந்தக் கணக்குக்குத் தானாகப் பணம் போக ஏற்பாடு செய்துவிடலாம். உடைக்க வேண்டுமானால் வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். பாதி அவசரங்கள் அங்கேயே அடங்கிவிடும். வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும்; ஆனால் ஊரிலிருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குப் பொருந்தாது. பெயர்ப்பலகையைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

நகைக்கடை மாதத் திட்டத்தையும் யாராவது சொல்வார்கள். நீங்கள் அங்கே கட்டும் பணத்துக்கு நகைதான் கிடைக்கும்; அதை எடுத்துக்கொண்டு போய் இறைச்சிக் கடையில் கொடுக்க முடியாது. மீண்டும் அடகுக் கடைதான்.

செலவைக் குறைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: பிள்ளைகளின் புத்தாண்டு உடுப்பை ஆடித் தள்ளுபடியில் கொஞ்சம் பெரிய அளவில் எடுத்து வையுங்கள். கணவர் ஜவுளிக்கடையில் இருக்கும்போது எந்தத் தள்ளுபடி உண்மை, எது விலையை ஏற்றிக் குறைத்தது என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார். பெரியவர்களுக்கு ஒரு புது உடுப்பு போதும். பக்கத்து வீட்டு இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தட்டில் போகும் முந்திரிக்கொத்திலும் அச்சு முறுக்கிலும் மட்டும் கை வைக்காதீர்கள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அவர்கள் தட்டு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

அந்த அக்காவிடம் எப்படி மறுப்பது என்று யோசிப்பீர்கள். வளையலை மீட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். அடுத்த டிசம்பரில் இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவரிடம் பேசிப் பாருங்கள். ஆளுக்கொரு ஆர்.டி., அவரவர் பெயரில், அவரவர் பாஸ் புத்தகத்தோடு. எல்லோருடைய தவணையையும் வாங்கி ஒரே நாளில் வங்கியில் கட்டிவிட்டு, பாஸ் புத்தகத்தில் பதிந்து கொண்டுவந்து தர அவர் சம்மதித்தால், ஆளுக்கு மாதம் 20 ரூபாய் கூலி கொடுங்கள். வாசலில் வந்து நின்று வாங்காமல் போகாத திறமை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அன்புடன்.