சிஏ, ஏசிசிஏ, சிமா: எதில பதியிறதெண்டு முடிவெடுக்க முதல் பார்க்க வேண்டியது

கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. ஏஎல் கொமர்ஸ் தமிழ் மீடியம், ரெண்டு பி ஒரு சி, இசட் ஸ்கோர் காணாததால கம்பஸ் கிடைக்கேல்ல. அப்பா செட்டியார் தெருவில ஒரு நகைக்கடையில கணக்குப் பார்க்கிறார், அவருக்கு மகள் சிஏ, அதாவது இலங்கைப் பட்டயக் கணக்காளர் தகுதி, செய்யோணும். லண்டன் மாமா "உங்கட லோக்கல் சிஏ இங்க செல்லாது, ஏசிசிஏ செய்" எண்டு சொல்றார், அது பிரிட்டிஷ் கணக்காளர் தகுதி. கூடப் படிச்ச பிள்ளைகள் சிமாவுக்குப் பதிஞ்சிட்டாங்க, அதுவும் பிரிட்டிஷ், மேனேஜ்மென்ட் கணக்கியல் தகுதி. "அண்ணா இதில எது பெரிசு, வெளிநாடு போனா எது உதவும், எங்கட வீட்டுக் காசுக்கு எது சரிவரும்" இதுதான் தங்கச்சியின்ட கேள்வி.

எது பெரிசு எண்ட கேள்வியை இப்பவே விட்டிடுங்கோ. மூண்டிலயும் சோதனை பாதிதான், மற்றப் பாதி மூண்டு வருஷ வேலை அனுபவம், அது இல்லாம எல்லா பேப்பரும் பாஸ் பண்ணினாலும் நீங்க மெம்பர் இல்ல, பேருக்குப் பின்னால அந்த எழுத்துப் போட ஏலாது. "18 மாசத்தில ஏசிசிஏ" எண்டு போஸ்டர் அடிக்கிறவங்க சொல்றது பேப்பரை மட்டும், 36 மாச அனுபவத்தைப் பற்றி அதில ஒரு வரியும் இருக்காது, அதை நம்பி நகையை அடகு வைச்சு ஃபீஸ் கட்டின குடும்பங்களைப் பார்த்தா எனக்கு உண்மையாவே வயிறெரியும். அதால நீங்க தெரிவு செய்ய வேண்டியது அந்த மூண்டு வருஷத்தை எங்க, என்ன வேலையில கழிக்கப் போறீங்க எண்டதை. பேர் அதுக்குப் பிறகுதான்.

அப்பாவின்ட கடையை வைச்சே சொல்றன். மார்ச் 31 கணக்கு முடியிற நாள், கடை பூட்டின பிறகு ஓடிட் (கணக்காய்வு) ஃபேர்மில இருந்து ட்ரெய்னி ஒருத்தர் வருவார். அவர் முதல்ல தராசை நிறை தெரிஞ்ச படிக்கல்லு வைச்சுச் சரிபார்ப்பார், பிறகு தட்டுத் தட்டா நிறுத்து டேக்கில எழுதின கிராமோட ஒத்துப் பார்ப்பார், 22 கரட் வேற 18 கரட் வேறயா பிரிப்பார், கல்லு பதிச்ச நகையில கல்லின்ட நிறையைக் கழிச்சிருக்கோ எண்டு கேட்பார். திருத்த வந்த ஆரோ ஒரு அம்மாவின்ட சங்கிலி கடை ஸ்டொக்கில சேர்ந்திருந்தா அது பிழை, அது கடையின்ட சொத்தில்ல. மற்றப் பக்கம், பத்தரிட்ட வேலைக்குக் குடுத்த தங்கம் கடையில இல்லாட்டியும் கடையின்ட ஸ்டொக்தான், அது விடுபட்டிருக்கோ எண்டும் பார்க்கோணும். கடைசியா எல்கேஏஎஸ் 2 எண்ட இலங்கைக் கணக்கீட்டு நியமம் சொல்றபடி அடக்கவிலை, விற்றா கையில வரக்கூடிய தேறிய பெறுமதி, ரெண்டில எது குறைவோ அதிலதான் ஸ்டொக்கைக் காட்டியிருக்கோணும். சிஏ ட்ரெய்னிங்கை ஓடிட் ஃபேர்மில செய்தா உங்கட மூண்டு வருஷம் இப்பிடித்தான் போகும், ஒரு நாள் நகைக்கடை, அடுத்த கிழமை தேயிலைக் கொம்பனி, பிறகு பேலியகொடையில ஒரு ஸ்டோர்ஸ்.

அதே தட்டைப் பார்த்து மேனேஜ்மென்ட் எக்கவுண்டன்ட் வேற கேள்வி கேட்பார். இந்த அட்டியல் எத்தனை மாசமா விக்காமக் கிடக்குது, அதில முடங்கின காசுக்கு பேங்க் ஓடிக்கு (மேலதிகப் பற்றுக்கு) எவ்வளவு வட்டி போகுது, இந்த வருஷ லாபம் செய்கூலியில வந்ததோ இல்லாட்டி தங்க விலை ஏறினதால வந்ததோ, அடுத்த கலியாண சீசனுக்கு எவ்வளவு வாங்கி வைக்கோணும். சிமா முழுக்க இந்தப் பக்கம்தான். நடந்து முடிஞ்ச கணக்கு சரியா எண்டு பார்க்கிறதை விட அடுத்து என்ன செய்யிறது எண்டு முதலாளிக்குச் சொல்ற வேலை. ஏசிசிஏ ரெண்டையும் தொடும், மொத்தம் 13 பேப்பர், கடைசிக் கட்டத்தில ரெண்டு கட்டாயம், நாலில ரெண்டு உங்கட விருப்பம், அதில எட்வான்ஸ்ட் ஓடிட்டும் எடுக்கலாம் பெர்ஃபோமன்ஸ் மேனேஜ்மென்ட்டும் எடுக்கலாம். இதில எந்தக் கேள்வி உங்களுக்கு ஆசையா இருக்கு எண்டு உங்களுக்குத்தான் தெரியும். அப்பாட்டச் சொல்லி கடைக்கு ஓடிட்டுக்கு வாற பிள்ளையோட அரை மணித்தியாலம் கதைச்சுப் பாருங்கோ, எந்த செமினாரும் சொல்லாததை அந்தப் பிள்ளை சொல்லும்.

இப்ப மாமா சொன்னதுக்கு வாறன். அவர் சொன்னது பாதி சரி. லண்டனில ஒரு கொம்பனியின்ட ஓடிட் ரிப்போர்ட்டில இலங்கை சிஏயை மட்டும் வைச்சுக் கையெழுத்துப் போட ஏலாது, அதுக்கு அந்த நாட்டுச் சட்டம் ஏற்றுக்கொண்ட அமைப்புகள் இருக்கு, ஐசிஏஈடபிள்யூ எண்ட இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அதில ஒண்டு, ஏசிசிஏயும் ஒண்டு, அங்கயும் மெம்பரா இருந்தா மட்டும் போதாது, தனியா ஓடிட் தகுதியும் பிராக்டிசிங் சேர்ட்டிஃபிகேட்டும் வேணும். சிமா அந்தப் பட்டியலில இல்ல, அவ்வளவு பேர்போன பிரிட்டிஷ் குவாலிஃபிகேஷனா இருந்தும் அதை வைச்சு அங்க ஓடிட் கையெழுத்துப் போட ஏலாது. ஆனா மாமா சொல்லாத மற்றப் பாதி என்னெண்டா, இங்க பேங்க், இன்ஷூரன்ஸ், பங்குச் சந்தைக் கொம்பனி மாதிரி 1995ம் ஆண்டு 15ம் இலக்கச் சட்டத்துக்குள்ள வாற பெரிய நிறுவனங்களை ஓடிட் பண்ணிக் கையெழுத்துப் போட இலங்கை சிஏ மெம்பராகவும் பிராக்டிஸ் சேர்ட்டிஃபிகேட் உள்ளவராகவும் இருக்கோணும். ஏசிசிஏயை மட்டும் வைச்சுக்கொண்டு இங்க அந்த இடத்துக்கு வர ஏலாது. கையெழுத்து அதிகாரம் எண்டது அந்தந்த நாட்டுச் சட்டம் குடுக்கிறது, அது பிளேன் ஏறாது.

ஏறுறது அறிவு. 2012 ஜனவரியில இருந்து எங்கட கணக்கீட்டு நியமங்களான எஸ்எல்எஃப்ஆர்எஸ், எல்கேஏஎஸ் எல்லாம் ஐஎஃப்ஆர்எஸ் எண்ட சர்வதேச நியமங்களோட ஒத்துத்தான் போகுது, கொழும்பில படிச்ச ஸ்டொக் விதியும் லீஸ் விதியும் துபாயிலயும் லண்டனிலயும் பெரிசா மாறாது. அதால ஓடிட் கையெழுத்து வேலையை விட்டிட்டு ஃபினான்ஸ் மேனேஜர், கன்ட்ரோலர் மாதிரி வேலைகளைப் பார்த்தா இலங்கை சிஏ செல்லாது எண்டு சொல்றது சரியில்ல, கல்ஃப் நாடுகளில எத்தினையோ எங்கட ஆக்கள் அதை வைச்சுத்தான் வேலை செய்யினம். மாறுறது வரியும் கொம்பனிச் சட்டமும். சிஏயில நீங்க படிக்கிறது எங்கட 2017ம் ஆண்டு 24ம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், ஏசிசிஏயில வரிப் பேப்பரை யூகே வேரியன்ட்டில எடுத்தா படிக்கிறது அந்த நாட்டு வரி, இங்க வேலைக்குப் போய் முதல் நாளே வரி ரிட்டர்ன் ஒண்டைக் கையில தந்தா முழிக்க வேண்டி வரும்.

கனடா எண்டா கதை வேற. அங்க இருந்த சிஏ, சிஜிஏ, சிஎம்ஏ எண்ட மூண்டு கணக்காளர் தகுதிகளையும் சேர்த்து சிபிஏ எண்டு ஒண்டாக்கிட்டாங்க, எதைக் கொண்டு போனாலும் அந்த மாகாண அமைப்பிட்ட திரும்பப் போய் நிக்கோணும். இன்னொண்டு, சிஎம்ஏ எண்ட எழுத்தைப் பார்த்து ஏமாறாதீங்கோ, இலங்கையில 2009ம் ஆண்டு 23ம் இலக்கச் சட்டத்தால வந்த சிஎம்ஏ வேற, அமெரிக்க சிஎம்ஏ வேற, அவுஸ்திரேலியாவில இன்னொண்டு. விளம்பரத்தில எழுத்தைப் பார்க்காம அதை வழங்கிற நிறுவகத்தின்ட முழுப்பேரைப் பாருங்கோ.

காசு. இதிலதான் நான் கனக்கச் சொல்லோணும், ஏனெண்டா வீட்டில ஒருத்தரும் கணக்குப் போடாம இறங்கிற இடம் இதுதான். ஏசிசிஏ, சிமா ரெண்டிலயும் பதிவு, வருஷச் சந்தா, ஒவ்வொரு பேப்பர் ஃபீஸ், எல்லாம் பவுண்ஸில. கிளாஸ் காசு மட்டும் ரூபாய். 2022 மார்ச்சில ரூபாயை மிதக்க விட்ட நேரம் டொலர் 200 சொச்சத்தில இருந்து மே மாசம் 360 தாண்டினது ஞாபகம் இருக்கும், பவுண்ஸும் அதோட சேர்ந்து ஏறினது, பாதி பேப்பர் முடிச்ச பிள்ளைகள் அடுத்த சிட்டிங்குக்குக் கட்ட வழியில்லாம நிண்டதுகள். ஒரு பேப்பர் ஃபெயிலானா திரும்ப அதே காசு. சில பேப்பரை எழுதாமலே விட விலக்கு கிடைச்சா இலவசம் எண்டு நினைக்கிறாங்க, அதுவும் இல்ல, ஏசிசிஏயில விலக்குக் கிடைக்கிற ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு கட்டணம் இருக்கு. பாஸான பிறகும் மெம்பர்ஷிப் சந்தா வருஷா வருஷம் பவுண்ஸில போகும். அதால பதிய முதல் ஒரு கொப்பியில முழுச் செலவையும் எழுதுங்கோ, ரெண்டு பேப்பர் ஃபெயிலாகும் எண்டு வைச்சே எழுதுங்கோ, பவுண்ஸ் இண்டைய விலையில இருந்து கால்வாசி கூடும் எண்டும் ஒரு தரம் போட்டுப் பாருங்கோ. அந்தத் தொகை அப்பாவின்ட சம்பளத்துக்குத் தாங்காட்டி மாமா எவ்வளவு அனுப்புவார் எண்டு இப்பவே வெளிப்படையாக் கேளுங்கோ, அதில வெக்கப்பட ஒண்டும் இல்ல.

சிஏயில செலவு ரூபாயில, அதோட ட்ரெய்னிங் காலத்தில அலவன்ஸ் வரும். அது பெரிய தொகை இல்ல, பஸ்ஸுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் கொஞ்சம்தான், ஏப்ரல், மே மாசங்களில இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வாற நாளும் இருக்கும். ஆனா உங்களுக்கு வீடு கொட்டாஞ்சேனையில இருக்கு. மட்டக்களப்பு, வவுனியாப் பிள்ளைகள் வெள்ளவத்தையில அறைக்கு வாடகை கட்டிக்கொண்டு அதே அலவன்ஸில சமாளிக்குதுகள்.

மொழியைப் பற்றி தங்கச்சி கேட்கேல்ல, எண்டாலும் தமிழ் மீடியம் எண்டதால சொல்லத்தான் வேணும். ஏசிசிஏ, சிமா முழுக்க இங்கிலீஷ், அதிலயும் சிமாவின்ட கேஸ் ஸ்டடி சோதனையில பந்தி பந்தியா விளக்கி எழுதோணும், கணக்கு மட்டும் தெரிஞ்சா போதாது. ஏஏடி, அதாவது கணக்கியல் தொழில்நுட்பவியலாளருக்கான ஆரம்பத் தகுதி, அப்பிடியில்ல, 1987ல தொடங்கினது, தமிழிலயும் எழுதலாம், முடிச்சா சிஏயின்ட ஆரம்பக் கட்டத்தில விலக்கும் கிடைக்கும். ஏஏடியை ஒரு குறைவான படிப்பு எண்டு நினைக்கிறவங்களோட எனக்கு உடன்பாடே இல்ல, டபுள் என்ட்ரியும் வரி அடிப்படையும் தாய்மொழியில ஊறிட்டா பிறகு இங்கிலீஷில வாறது வெறும் சொல்லு மாற்றம்தான். அந்த நேரத்தில கொழும்பு பங்குச் சந்தை வெப்சைட்டில இருந்து ஒரு கொம்பனியின்ட ஆண்டறிக்கையை இறக்கி ஒரு நாளைக்கு ஒரு நோட் (கணக்குக்குப் பின்னால வாற விளக்கக் குறிப்பு) வாசியுங்கோ, இன்வென்டரி நோட், கடன் நோட், சம்பந்தப்பட்ட தரப்பு நோட். அதோட சிங்களம் கதைக்கப் பழகுங்கோ, கொழும்பில ஓடிட்டுக்குப் போற இடத்தில ஸ்டோர்ஸ் கீப்பரிட்ட இங்கிலீஷில கேட்டா அரைவாசிப் பதில்தான் வரும்.

உங்கட நிலைமைக்கு நான் சொல்றது இதுதான்: இப்ப ஏஏடி, அதோட இங்கிலீஷ், பிறகு ஓடிட் ஃபேர்மில ட்ரெய்னிங்கோட சிஏ. அதை முடிச்ச பிறகும் லண்டன் ஆசை இருந்தா அப்ப ஏசிசிஏக்குப் போங்கோ, சிஏ மெம்பருக்கு நிறைய பேப்பர் விலக்குக் கிடைக்கும், ஃபீஸும் உங்கட சொந்தச் சம்பளத்தில கட்டலாம். ஒண்டு ரெண்டு வருஷத்துக்குள்ள வெளிநாடு போறது நிச்சயம், மாமாவே முழுச் செலவும் பொறுக்கிறார் எண்டா மட்டும் நேரா ஏசிசிஏ. ஓடிட் வேலையே பிடிக்கேல்ல, ஒரு கொம்பனிக்குள்ள இருந்து வளரோணும் எண்டா சிமா நல்லது, ஆனா கூட்டாளிகள் பதிஞ்சிட்டாங்க எண்டதுக்காக வேண்டாம்.

எதில போனாலும் ட்ரெய்னிங் இடத்தில சேர முதல் சில விஷயத்தைக் கேட்டு எழுத்தில வாங்குங்கோ. சிஏ எண்டா அந்த இடம் சிஏ நிறுவகம் அங்கீகரிச்ச இடமோ, ஒப்பந்தம் எந்தத் திகதியில பதியப்படும், சோதனைக்கு எத்தனை நாள் லீவு, அது சம்பளத்தோடயா இல்லாமலா. ஏசிசிஏ எண்டா உங்கட அனுபவக் குறிக்கோள்களுக்குக் கையெழுத்து வைக்கக்கூடிய தகுதியுள்ள எக்கவுண்டன்ட் ஒருத்தர் உங்களுக்கு மேல இருக்கோணும், அப்பிடி ஒருத்தரும் இல்லாத ஒபிஸில மூண்டு வருஷம் இருந்தாலும் அதை நிரூபிக்கப் படாத பாடு படுவீங்க. இருந்தா ஒவ்வொண்டையும் அப்பப்பவே எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்கோ, அவர் வேலை மாறிப் போன பிறகு தேடித் திரியாதீங்கோ.