தனித்தனியாகக் கேட்டால்?

கேள்வி: மாற்றுத்திறனாளிப் பெண்களைப் பற்றி எழுதிய டெல்லிப் பேராசிரியர் அனிதா கய் போன்ற அறிஞர்கள் மாற்றுத்திறனாளிகள் பிரச்சினையையும் பெண்ணுரிமையையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்? தனித்தனியாகக் கேட்டால் அரசு சலுகைகளைச் சீக்கிரம் தருமே? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சலுகை என்று படித்ததுமே கோபம் வந்துவிட்டது. 2016 ஜனவரியில் டெல்லி விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வராததால் தரையில் தவழ்ந்து போக வேண்டியதாயிற்று என்று சொன்னவர் இதே அனிதா கய்தான். விமான நிறுவனம் அதை மறுத்தது. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்த பேராசிரியர் நாற்காலி கேட்டால் அது சலுகையா?

சரி, குழப்பத்துக்கு வருகிறேன். பஞ்சாபிக் குடும்பங்களைப் பற்றி அவர் 2002-ல் எழுதிய கட்டுரையில் ஒரு விஷயம் வரும். வளர்ந்த பெண்ணை அத்தை பையன், மாமா பையன் படுக்கும் அறையில் படுக்க விடமாட்டார்கள். வீட்டில் ஊனமுள்ள பெண் இருந்தால் அவளுக்கு மட்டும் அந்தத் தடை கிடையாது. அவளை ஒரு பெண்ணாகவே யாரும் நினைப்பதில்லை, அதனாலேயே அவளுக்குக் காவலும் இல்லை, ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது. இதை எந்தத் துறைக்கு மனுவாக எழுதுவீர்கள்?

1994-ல் புனே பக்கம் ஷிரூரில் அரசு விடுதியில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குக் கருப்பையை எடுத்தார்கள். மாதவிலக்கு நாட்களில் சுத்தமாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பதுதான் காரணமாம். கூடுதலாக ஆயாக்களைப் போட்டுச் செய்திருக்க வேண்டிய வேலைக்குக் கத்தியை எடுத்தார்கள், அதுவும் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அவர்கள் ஆண்களாக இருந்தாலோ ஊனம் இல்லாத பெண்களாக இருந்தாலோ இது நடந்திருக்குமா?

2011 கணக்கெடுப்புப்படி நாட்டில் மாற்றுத்திறனாளிப் பெண்கள் 1.18 கோடிப் பேர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-வது பிரிவு, அவர்களின் சம்மதமில்லாமல் கருவைக் கலைத்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. படித்துச் சந்தோஷப்படுவதற்குள் அதே வரியில் ஒரு விலக்கு வருகிறது: ஊனம் கடுமையாக இருந்தால் மருத்துவர் கருத்தும் காப்பாளர் சம்மதமும் போதும். யாருடைய குரலைக் கேட்க ஆளே இல்லையோ அவளுக்காகத்தானே இந்தச் சட்டம்? அவளையே வெளியே விட்டுவிட்டார்கள். அந்த விலக்கை எடுக்கச் சொல்ல வேண்டியது பெண்கள் அமைப்புகளும்தான்.

அப்புறம், நான் பலமுறை சண்டை போட்ட விஷயம் ஒன்று. மகளிர் தினக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள், போனால் அரங்கம் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போலியோவால் கால் பாதிக்கப்பட்ட ஒரு ஆசிரியை கீழே வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் வந்ததைக் கேட்டுவிட்டுப் போனார். சமத்துவம் பற்றித்தான் மேலே பேசிக்கொண்டிருந்தோம். அமைப்பாளர்களே, தரைத்தளத்தில் இடம் பிடியுங்கள், வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். முடியாது என்றால் அழைப்பிதழில் என் பெயரைப் போட வேண்டாம்.