பட்டனுக்குள் சமையல் வேண்டாம்: டெஸ்க்டாப் நிரலாளர் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி ‘உறைந்து போகிறது’ ரகம். மீதியில் பாதி பிழைச்செய்தியே இல்லாமல் வந்தவை. செய்தியைக் கடைசி வரி வரை படித்துவிட்டு எழுதுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. பைத்தானில் விஷயமே கடைசி வரியில்தான் இருக்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது நீங்கள் வெட்டிவிடுவதும் அதே வரியைத்தான்.

கே: டிகின்டரில் (பைத்தானில் விண்டோ, பட்டன் போட உதவும் டூல்கிட்) ‘சேமி’ பட்டன் வைத்தேன். ப்ரோக்ராம் திறந்த உடனேயே சேமித்துவிடுகிறது. பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை.

ப: ‘கமாண்ட்=சேமி()’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடைப்புக்குறியை எடுங்கள். அது இருந்தால் ஃபங்ஷன் அங்கேயே ஓடி முடிந்துவிடும், பட்டனுக்குக் கிடைப்பது வெறும் ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை.

கே: ஃபார் லூப்பில் பத்து பட்டன் போட்டேன். எதை அழுத்தினாலும் 9 என்றே வருகிறது.

ப: பட்டனுக்குக் கொடுத்த லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்), லூப் எண்ணான ‘ஐ’யின் மதிப்பை அப்போதே எடுத்து வைத்துக்கொள்வதில்லை. அழுத்தும்போதுதான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் லூப் முடிந்து ஐ 9-இல் நிற்கும். ‘லாம்டா ஐ=ஐ:’ என்று எழுதுங்கள். பைக்யூட்டிக்காரர்கள் (க்யூட்டி டூல்கிட்டைப் பைத்தானில் பயன்படுத்துபவர்கள்) இதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்: அங்கே ‘க்ளிக்ட்’ சிக்னல் கூடவே ஒரு பூலியனையும் (ஆம்/இல்லை மதிப்பு) அனுப்பும், அது நேராக உங்கள் ஐ-க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை வாங்கிக்கொள்ள முன்னால் ஒரு பாராமீட்டர் வையுங்கள்.

கே: ‘நன்டைப்புக்கு கெட் என்ற பண்பு இல்லை’ என்கிறது. என்ட்ரி பெட்டி திரையில் தெரிகிறதே!

ப: ஒரே வரியில் ‘என்ட்ரி(...).பேக்()’ என்று எழுதி வேரியபிளில் போட்டிருப்பீர்கள். பேக் எதையும் திருப்பித் தராது. இரண்டு வரியாக எழுதுங்கள்.

கே: சி ஷார்ப், வின்ஃபார்ம்ஸ் (டாட்நெட்டின் விண்டோ டூல்கிட்). சுமார் 40,000 வரி உள்ள சிஎஸ்வி கோப்பைப் படித்து கிரிட்டில் ஏற்றுகிறேன். விண்டோ வெளுத்துப்போய் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்றது. நண்பர் சொன்னபடி லூப்புக்குள் டூஈவென்ட்ஸ் போட்டேன், சரியானது. இப்போது சில நேரம் ஒரே வரி இரண்டு தடவை ஏறியிருக்கிறது. கிரிட்டில் பக் இருக்குமா?

ப: கிரிட்டில் பக் இல்லை. பக் உங்கள் நண்பரிடம் இருக்கிறது.

உங்கள் ப்ரோக்ராமுக்கு ஒரு மெசேஜ் க்யூ உண்டு. மவுஸ் நகர்வு, கீபோர்ட், ‘உன்னைத் திரும்ப வரைந்துகொள்’ என்ற உத்தரவு எல்லாம் அதில் வரிசையில் நிற்கும். மெயின் த்ரெட் (விண்டோவைக் கவனிக்கும் முதன்மை ஓட்டம்) ஒன்றொன்றாக எடுத்துக் கவனிக்க வேண்டும். பட்டன் ஹேண்ட்லர் (பட்டனை அழுத்தினால் ஓடும் ஃபங்ஷன்) முடிந்து திரும்பினால்தான் அடுத்ததை எடுக்க முடியும். நீங்கள் ஹேண்ட்லருக்குள்ளேயே அடுப்பைப் பற்றவைத்து 40,000 வரிக்கும் சமைக்கிறீர்கள். சுமார் 5 நொடி வரை யாரும் க்யூவை எட்டிப் பார்க்கவில்லை என்றால், விண்டோஸ் உங்கள் விண்டோவுக்குப் பதிலாக ஒரு பொம்மை விண்டோவை வைத்துவிடும். அந்த வெளுத்த முகம் அதுதான்.

டூஈவென்ட்ஸ் செய்வது என்ன? க்யூவில் நிற்கும் எல்லாவற்றையும் ‘உள்ளே வா’ என்கிறது. வரைவதை மட்டும் அல்ல, எல்லாவற்றையும். நீங்கள் பொறுமையிழந்து பட்டனை இரண்டாம் முறை அழுத்தினீர்கள். அப்போது லூப் 12,000-ஆவது வரியில் இருக்கிறது என்று வையுங்கள். அந்த இரண்டாவது க்ளிக், முதல் ஹேண்ட்லரின் வயிற்றுக்குள்ளேயே ஒரு புதிய ஹேண்ட்லரைத் தொடங்குகிறது. அது முதல் வரியிலிருந்து 40,000 வரையும் ஏற்றி முடிக்கும். பிறகு கட்டுப்பாடு பழைய லூப்புக்குத் திரும்பி, ஒன்றும் நடக்காதது போல 12,001-இலிருந்து தொடரும். மொத்தம் 80,000 வரி. நடுவில் விண்டோவை மூடிப் பாருங்கள், இன்னும் வேடிக்கை: லூப் திரும்பி வந்து செத்துப்போன கிரிட்டைத் தொடும்.

எனக்கு இதில் தனிக் கோபம் உண்டு. விபி 6 (விஷுவல் பேசிக் 6) காலத்தில் ஒரு ரசீது ப்ரோக்ராமில் இதே டூஈவென்ட்ஸைப் போட்டவன் நான். பயன்படுத்தியவர் எல்லாவற்றையும் டபுள் க்ளிக் செய்யும் பழக்கம் உள்ளவர். ஒவ்வொரு ரசீதும் இரண்டாகப் பதிவாகியிருந்தது. என் மெஷினில் நான் ஒரு முறை மட்டுமே அழுத்தியதால், இரண்டு நாள் தலைகீழாக நின்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. க்யூட்டியின் ‘ப்ராசஸ்ஈவென்ட்ஸ்’, டிகின்டரின் ‘அப்டேட்’ எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன, பெயர்தான் வேறு.

செய்ய வேண்டியது: பட்டனை முதலில் டிஸேபிள் செய்யுங்கள். கோப்பைப் படிப்பதையும் பிரிப்பதையும் ‘டாஸ்க்.ரன்’னுக்குள் தள்ளி (அது பின்னணி த்ரெட்டில் ஓட்டும்) ‘அவெய்ட்’ செய்யுங்கள் (விண்டோவை உறையவிடாமல் காத்திருக்கும்). முடிந்ததும் முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் டேட்டாசோர்ஸாகக் கொடுங்கள். வரிக்கு வரி ஏற்ற வேண்டாம். ப்ரோக்ரஸ் பார் வேண்டுமானால் நொடிக்குப் பத்து தடவை நகர்த்தினால் போதும், 40,000 தடவை வேண்டாம். மற்றவற்றில் இதே வேலைக்கு: ஜாவாவின் ஸ்விங்கில் ஸ்விங்வொர்க்கர், க்யூட்டியில் வொர்க்கர் த்ரெட்டிலிருந்து சிக்னல், டிகின்டரில் ஒரு க்யூவும் அதை 100 மில்லிநொடிக்கு ஒருமுறை பார்க்க ‘ஆஃப்டரும்’.

எதில் எழுதினாலும் மெயின் த்ரெட்டைத் தவிர வேறெங்கிருந்தும் விட்ஜெட்டை (பட்டன், பெட்டி, கிரிட் எல்லாம்) தொடாதீர்கள். அப்படித் தொடுவதைப் பிடிக்கும் வின்ஃபார்ம்ஸ் சோதனையான ‘செக்ஃபார்இல்லீகல்க்ராஸ்த்ரெட்கால்ஸ்’ என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் எரர் போய்விடுகிறது என்று இரண்டு பேர் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். தெர்மாமீட்டரை உடைத்தால் காய்ச்சல் போய்விடுமா? அந்தச் சோதனை இயல்பாக டீபக்கரில் ஓட்டும்போது மட்டுமே வேலை செய்யும். அதனால் ‘வெளியே ஓட்டினால் எரர் வரவில்லை’ என்பதும் சான்று ஆகாது.

கே: அவெய்ட், அசிங்க் எல்லாம் போட்டாயிற்று. இப்போது முன்பைவிட மோசம், திரும்ப எழுந்திருக்கவே இல்லை.

ப: எங்கோ ‘.ரிசல்ட்’ அல்லது ‘.வெய்ட்()’ எழுதியிருக்கிறீர்கள். மெயின் த்ரெட் டாஸ்க் முடியக் காத்திருக்கிறது. டாஸ்க்கின் மீதிப் பாதி மெயின் த்ரெட்டுக்குத் திரும்பக் காத்திருக்கிறது. நீங்கள் இருவருக்காகவும் காத்திருக்கிறீர்கள். அந்த இடத்திலும் அவெய்ட் போடுங்கள்.

கே: என் ப்ரோக்ராம் வேலை செய்யவில்லை. அவசரம். சரியான கோட் அனுப்பவும்.

ப: எந்த ஓஎஸ், எந்த மொழி, எந்த டூல்கிட், என்ன செய்தி? நான் ஜோசியம் பார்ப்பதில்லை. பிரச்சினை காட்டும் 20, 30 வரியை மட்டும் தனியாகப் பிரித்து அனுப்புங்கள். பிரிக்கும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

கே: டிகின்டரில் படம் வரவில்லை, இடம் மட்டும் காலியாக இருக்கிறது. எரரும் இல்லை. இதே கோட் ஃபங்ஷனுக்கு வெளியே வேலை செய்கிறது.

ப: நல்ல கேள்வி, வேண்டிய விவரத்தோடு வந்திருக்கிறது. ஃபங்ஷன் முடிந்ததும் உங்கள் ஃபோட்டோஇமேஜுக்கு உரிமையாளர் யாரும் இல்லை என்று பைத்தான் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறது. லேபிள் படத்தின் பெயரை மட்டுமே வைத்திருக்கும். ‘லேபிள்.இமேஜ் = படம்’ என்று ஒரு வரி சேர்த்தால் உயிரோடு இருக்கும். பைக்யூட்டியில் இரண்டாவது விண்டோ பளிச்சென்று தோன்றி மறைவதும் இதே காரணத்தால்தான். அதை ‘செல்ஃப்’பில் வையுங்கள்.

கே: பைக்யூட்டி: பட்டனை அழுத்தினால் ப்ரோக்ராமே மாயமாகிறது. செய்தி எதுவும் இல்லை.

ப: செய்தி இருக்கிறது, நீங்கள் ஐகானை டபுள் க்ளிக் செய்து ஓட்டுவதால் அது போய்ச் சேர இடமில்லை. டெர்மினலில் ஓட்டுங்கள். பைக்யூட்டி 5.5 முதல், ஸ்லாட்டில் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) பிடிக்காமல் விட்ட எக்செப்ஷன் ப்ரோக்ராமையே முடித்துவிடும். ‘சிஸ்.எக்ஸெப்ட்ஹுக்’கில் உங்கள் ஃபங்ஷனைக் கொடுத்து, வருவதை லாக் கோப்பில் எழுதுங்கள். பிறகு கடைசி வரியைப் படியுங்கள்.

கே: சி++, வின்32. நொடிக்கு ஒரு தடவை கிராஃப் வரைகிறேன். மூன்று மணி நேரத்துக்குள் பாதி வரைந்தும் வரையாமலும், கறுப்புக் கட்டங்களாக ஆகிவிடுகிறது. மெமரி ஏறவில்லை.

ப: மெமரியைப் பார்க்காதீர்கள். டாஸ்க் மேனேஜரில் ‘டீடெய்ல்ஸ்’ பக்கம் போய், ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’ (வரையப் பயன்படும் பேனா, தூரிகை போன்றவை) என்ற நெடுவரிசையைச் சேர்த்து, உங்கள் ப்ரோக்ராமின் எண்ணைப் பாருங்கள். நொடிக்கு ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். ஒரு ப்ராசஸுக்கு இயல்பான உச்சவரம்பு 10,000. நொடிக்கு ஒரு பேனாவை உருவாக்கிவிட்டு விட்டுவிட்டால் 10,000 நொடியில், அதாவது ஏறக்குறைய 2¾ மணி நேரத்தில், சுவரில் முட்டுவீர்கள். உங்கள் மூன்று மணிக் கணக்கு சரியாக உட்காருகிறது. வரைந்து முடித்ததும் பழைய பேனாவை ‘செலக்ட்ஆப்ஜெக்ட்’டால் திரும்ப வைத்துவிட்டு, உங்களுடையதை ‘டெலீட்ஆப்ஜெக்ட்’ செய்யுங்கள். வரிசை முக்கியம்.

கே: புதிய லேப்டாப்பில் என் ப்ரோக்ராமின் எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

ப: விண்டோஸில் 100 சதவீதம் என்றால் 96 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), 150 என்றால் 144. உங்கள் ப்ரோக்ராம் தனக்கு டிபிஐ தெரியும் என்று சொல்லாததால், 96-இல் வரையவிட்டு அந்தப் படத்தை விண்டோஸ் ஒன்றரை மடங்கு இழுக்கிறது. மேனிஃபெஸ்ட்டில் (ப்ரோக்ராமைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) ‘பெர்மானிட்டர்வி2’ எழுதுங்கள் (விண்டோஸ் 10-இன் 1703 முதல் உண்டு). க்யூட்டி 6 இதைத் தானே பார்த்துக்கொள்ளும். பிக்ஸல் கணக்கில் பட்டன்களை நட்டு வைத்திருந்தால் அதன் பிறகு எல்லாம் குட்டியாகும். அப்போது என்னைத் திட்டாமல் லேஅவுட் போடப் பழகுங்கள்.

கே: க்யூட்டி ப்ரோக்ராம் என் மெஷினில் ஓடுகிறது. வேறு மெஷினில் ‘பிளாட்ஃபார்ம் பிளகின்’ இல்லை என்கிறது.

ப: விண்டோஸ் என்றால் ‘விண்டெப்ளாய்க்யூட்டி’யை (தேவையான கோப்புகளைச் சேர்த்துத் தரும் க்யூட்டி கருவி) ஓட்டுங்கள். ‘பிளாட்ஃபார்ம்ஸ்’ ஃபோல்டரும் அதற்குள் இருக்கும் டிஎல்எல்லும் கூடவே போக வேண்டும். லினக்ஸில் 6.5-உம் அதற்கு மேலும் என்றால் எக்ஸ்சிபி கர்சர் லைப்ரரி இருக்கிறதா பாருங்கள்.

கே: பெயரைப் பத்து எழுத்தோடு வெட்டிக் காட்டினால் தமிழில் கடைசி எழுத்து சிதைகிறது. லினக்ஸில் டிகின்டரில் கொம்பும் இடம் மாறுகிறது.

ப: இரண்டும் வேறு வேறு. ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. பைத்தானின் ‘லென்’ 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. மூன்றில் வெட்டினால் ‘தமி’, நான்கில் வெட்டினால் ‘தமிழ’. புள்ளி பறந்துவிடும். டாட்நெட்டில் ‘ஸ்ட்ரிங்இன்ஃபோ’, க்யூட்டியில் ‘டெக்ஸ்ட்பவுண்டரிஃபைண்டர்’ உண்டு, அவற்றால் எண்ணுங்கள். கொம்பு இடம் மாறுவது உங்கள் தவறில்லை. லினக்ஸில் டிகே (டிகின்டருக்கு அடியில் இருப்பது) இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்காது. எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் லைப்ரரியைப் பயன்படுத்தும் க்யூட்டிக்கோ ஜிடிகேவுக்கோ மாறுங்கள்.

கே: டபிள்யூபிஎஃப் (டாட்நெட்டின் இன்னொரு விண்டோ டூல்கிட்): லிஸ்ட்டில் சேர்க்கிறேன், திரையில் வரவில்லை.

ப: சாதாரண லிஸ்ட் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வளரும். மாறியதைத் திரைக்குச் சொல்லும் ‘அப்ஸர்வபிள்கலெக்ஷன்’ போடுங்கள். போட்டதும் எக்செப்ஷன் வந்தால் பின்னணி த்ரெட்டிலிருந்து சேர்க்கிறீர்கள் என்று பொருள். சிஎஸ்விக்காரருக்குச் சொன்னதை நீங்களும் ஒருமுறை படியுங்கள்.