மூன்று அம்மைகளும் ஒரு கேள்வியும்: வைரஸ் படிக்க விரும்பும் மகளின் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

சென்ற வாரம் நீங்களும் உங்கள் மகளும் வந்து சென்ற பிறகு எழுதிய கடிதத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். வைரஸைப் பற்றிப் படித்தால் வேலை கிடைக்குமா, ஆய்வகத்தில் நோய் தொற்றிக்கொள்ளாதா, மருத்துவ இடம் கைநழுவிய வருத்தத்தில்தான் இவள் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளா என்பவை அவை. மூன்றாவதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அது தெளிவானால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும்.

நீங்கள் வெளியே காத்திருந்தபோது அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றையும் நாம் 'அம்மை' என்கிறோமே, இவற்றை உண்டாக்கும் வைரஸ்கள் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று கேட்டேன். இந்தப் பாடத்தை மனப்பாடமாகப் படித்த பிள்ளைகள் பெரும்பாலும் "ஒரே குடும்பம்" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அவளும் அப்படித்தான் தொடங்கினாள். பிறகு நிறுத்தி, தாளை இழுத்து வைத்துக்கொண்டு வரையத் தொடங்கினாள். பெரியம்மை வைரஸ் செங்கல் போன்ற உருவமும் நீண்ட டி.என்.ஏ.வும் கொண்டது, செல்லின் உட்கருவுக்குள் நுழையாமல், வெளியே உள்ள சைட்டோபிளாசத்திலேயே தன்னைப் பெருக்கிக்கொள்வது. சின்னம்மை வைரஸ் ஹெர்பிஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. இருபது முகங்கள் கொண்ட புரதக் கூட்டுக்குள் டி.என்.ஏ.வை வைத்து, அதன்மேல் கொழுப்பு உறையொன்றைப் போர்த்தியிருப்பது. தட்டம்மை வைரஸிலோ டி.என்.ஏ.வே இல்லை, அதனுள் இருப்பது, செல் நேரடியாகப் படிக்க முடியாத தலைகீழ்ப் படியான ஆர்.என்.ஏ. தோலில் கொப்புளமோ தடிப்போ தெரிவதைக் கொண்டு மக்கள் வைத்த பெயர் ஒன்று. உள்ளே இருக்கும் வைரஸ்கள் மூன்று தனித்தனிக் குடும்பங்கள்.

அவள் அன்று எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடவில்லை, தட்டம்மையில் தடுமாறினாள். ஆனால் மறுநாள் காலை ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "அக்கிக்கு அம்மை என்ற பெயரே இல்லை, ஆனால் அது சின்னம்மை வைரஸேதான்." உண்மைதான். சிறுவயதில் சின்னம்மை வந்து போனவர்களின் நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸ் பல்லாண்டுகள் ஒளிந்திருந்து, பின்னாளில் அக்கியாக வெளிப்படுகிறது. பெயரை நம்பாமல் அமைப்பைப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைத்தான் நான் தேடினேன். இடம் கிடைக்காத வருத்தத்தில் இருக்கும் பிள்ளை இரவெல்லாம் அக்கியைப் பற்றி யோசிப்பதில்லை.

இந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மஞ்சள் காமாலையைப் பாருங்கள். கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ, பி, சி, டி, இ ஆகிய ஐந்தும் ஒரே வரிசையின் எழுத்துகளாகத் தெரிந்தாலும் ஐந்து வேறு வைரஸ்கள். அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் டேவிட் பால்டிமோர் 1971இல் முன்வைத்த வகைப்பாட்டு முறை, புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வை வைரஸ் தன் மரபுப் பொருளிலிருந்து எந்த வழியில் உண்டாக்குகிறது என்ற ஒரே கேள்வியை வைத்து எல்லா வைரஸ்களையும் பிரிக்கிறது. இன்று அதில் ஏழு பிரிவுகள் உள்ளன. ஹெபடைடிஸ் பி தன் டி.என்.ஏ.வை ஆர்.என்.ஏ. வழியாகச் சுற்றிவந்து மீண்டும் எழுதிக்கொள்ளும் விசித்திரமான பிரிவில் நிற்கிறது. அதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் நாட்பட்ட தொற்று செல்லின் உட்கருவுக்குள்ளேயே தங்கிவிடுவதால் அதை முற்றாகத் துடைத்தெடுப்பது கடினம். ஹெபடைடிஸ் சி நேரடியாகப் படிக்கக்கூடிய ஆர்.என்.ஏ.வைக் கொண்டது, உட்கருவில் நிலையாகக் குடியேறுவதில்லை. அதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் சில வார மாத்திரைச் சிகிச்சையிலேயே பெரும்பாலோரைக் குணப்படுத்திவிட முடிகிறது. ஒரே உறுப்பு, ஒரே மஞ்சள் நிறம், நேர் எதிரான இரு நிலைமைகள். வகைப்பாடு என்பது தேர்வுக்கான அட்டவணை என்று நினைக்கும் மாணவர் இதைத் தவறவிடுகிறார்.

கொழுப்பு உறையின் கதையும் இப்படித்தான். இன்ஃபுளூயன்சா, கொரோனா போன்றவற்றுக்கு அந்த உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்தால் வைரஸ் செயலிழக்கிறது. போலியோ, நோரோ வைரஸ்களுக்கு அது இல்லை. புரதக் கூடு மட்டுமே. ஆகவே அவை இரைப்பை அமிலத்தையும் தாங்கி உணவு, நீர் வழியே பரவுகின்றன. நோரோ வைரஸிடம் ஆல்கஹால் கலந்த கை திரவம் அவ்வளவாக எடுபடுவதில்லை, சோப்பும் நீரும் கொண்டு தேய்த்துக் கழுவி அகற்றுவதே வழி. பார்ப்பதற்கு வலுவாகத் தெரியும் கூடுதல் உறைதான் வைரஸின் பலவீனம் என்பதை உங்கள் மகள் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

குறையையும் சொல்லியாக வேண்டும். அவளுக்கு வேதியியல் பிடிக்கவில்லை, கணக்கென்றால் தயக்கம். இன்றைய வைராலஜியில், அதாவது வைரஸ் பற்றிய படிப்பில், இரண்டும் இல்லாமல் அதிக தூரம் போக முடியாது. மரபு வரிசைகளை ஒப்பிட்டு ஒரு வைரஸ் எங்கிருந்து வந்தது என்று கணிப்பவர் நாளின் பெரும்பகுதியைக் கணினி முன்னால்தான் கழிக்கிறார். புள்ளியியலும் சிறிதளவு நிரல் எழுதுதலும் இப்போதே தொடங்கட்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, இளநிலைப் பட்டத்தின் பெயரிலேயே 'வைராலஜி' இருக்க வேண்டும் என்று தேட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஆர்வம் மிகுந்த ஒரு மாணவரை அத்தகைய குறுகிய பட்டம் ஒன்றில் சேரச் சொன்னவன் நான். அவர் மூன்றாம் ஆண்டில் தாவர நோய்கள் பக்கம் மனம் மாறியபோது, விடுபட்ட அடிப்படைப் பாடங்களைத் தனியாகப் படிக்க வேண்டியதாயிற்று. அந்தத் தவறு என்னுடையது. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், கால்நடை மருத்துவம், வேளாண்மை என எந்தக் கதவின் வழியாகவும் வைரஸை அடையலாம். முதுநிலையிலோ முனைவர் ஆய்விலோ குறுக்கிக்கொள்வதே பாதுகாப்பானது. ஆய்வாளராக வேண்டுமென்றால் பள்ளிக்குப் பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆகும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆய்வாளராவது மட்டுமே வழியும் அல்ல. மருத்துவமனைகளின் பரிசோதனைக் கூடங்களுக்கு, வைரஸின் மரபுப் பொருளைக் கண்டறியும் பி.சி.ஆர்., அதன் புரதத்தையோ அதற்கெதிராக உடலில் உருவான எதிர்ப்பொருளையோ கண்டறியும் எலைசா ஆகிய சோதனைகளைச் செய்யவும் அவற்றின் முடிவைப் புரிந்துகொள்ளவும் தெரிந்தவர்கள் வேண்டும். தடுப்பூசித் தயாரிப்பில் தரக் கட்டுப்பாடு ஒரு தனிப் பிரிவு. வெள்ளை ஈயும் அசுவினியும் பரப்பும் பயிர் வைரஸ்களைக் கண்காணிக்க வேளாண் துறைக்கு ஆள் தேவை. தீங்கற்றதாக்கிய வைரஸ்களை வண்டியாக்கி மரபணுவை ஏற்றியனுப்பும் மரபணு சிகிச்சையும் வளர்ந்துவருகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் இந்தத் துறைக்குப் பெருகும் பணமும் ஆர்வமும் பின்னர் வடிந்துவிடும் என்பதால், அலையைப் பார்த்து முடிவெடுக்காமல், எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய ஆய்வகத் திறனைச் சேர்த்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

மனித கொரோனா வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முதன்முதலாகப் படம் பிடித்த ஜூன் அல்மெய்டா, 16 வயதில் பள்ளியை விட்டு கிளாஸ்கோ மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அக்கிக்கு இன்று கொடுக்கப்படும் அசைக்ளோவிர் மருந்தை உருவாக்கிய குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியன், முனைவர் பட்டத்தை முடிக்காமலேயே 1988இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இதைச் சொல்வது படிப்பை நிறுத்தச் சொல்வதற்காக அல்ல. மருத்துவ இடம் ஒன்றே வாசல் என்ற எண்ணத்தைத் தளர்த்துவதற்காக. அந்த மருந்து சின்னம்மைக் கூட்டத்தின் சொந்த நொதியால் தூண்டப்பட்ட பிறகே வேலை செய்கிறது. அந்த நொதி இல்லாத தட்டம்மையிடம் அது செல்லாது. மூன்று அம்மைகளுக்கும் உறவில்லை என்று அவள் வரைந்த படத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சாட்சி அது.

தொற்று அச்சம் நியாயமானது, ஆனால் அளவு மிஞ்சியது. ஆய்வகங்கள் நான்கு பாதுகாப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எபோலா, நிபா போன்ற வைரஸ்களை உயிர்ப்புடன் வளர்ப்பது மிக உயர்ந்த நான்காம் நிலையில்தான், படிக்கத் தொடங்கும் மாணவர்கள் அங்கே அனுமதிக்கப்படுவதில்லை. கற்போர் முதலில் தொடுவது பெரும்பாலும் பாக்டீரியோபேஜ். அது பாக்டீரியாவை மட்டுமே தாக்கும், மனிதரை அல்ல. ரேபீஸ் வைரஸோடு பணிபுரிவோருக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடப்படுகிறது.

அடுத்த முறை வரும்போது அவள் ஒரு விடையோடு வரட்டும். ஹெபடைடிஸ் டி தனியாக நோயைப் பரப்ப இயலாது. உறைப் புரதத்தை ஹெபடைடிஸ் பியிடம் கடன் வாங்கித்தான் வெளியே வரும். அப்படியானால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டவருக்கு டி வருமா என்று கேட்டுப் பாருங்கள். விடையை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம். அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள், எந்தத் தாளில் வரைகிறாள் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.