கிறிஸ்துமஸ் பிஸ்காட்டி: வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் என்றால் பிளம் கேக் கேள்விகள்தான் குவியும். இந்த முறை பிஸ்காட்டி, அதாவது இரண்டு தடவை ஓவனில் வைத்து மொறுமொறுப்பாக்கும் இத்தாலிய பாதாம் பிஸ்கட், முந்திக்கொண்டது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

காபி கடையில் ஒரே ஒரு பிஸ்காட்டி வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. பட்டை, கிராம்பு வாசனையோடு வீட்டில் செய்ய முடியுமா? அளவு சொல்லுங்கள்.
*வாசகி, பாளையங்கோட்டை*

தாராளமாக முடியும், கேக்கை விட எளிது. உப்பி வருமா, நடுவில் குழி விழுமா என்று ஓவன் கதவுக்கு முன்னால் நிற்க வேண்டாம்.

மைதா 250 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 2, தோலோடு பாதாம் 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. மசாலாவுக்குப் பட்டைத் தூள் ஒன்றரை டீஸ்பூன், சுக்குத் தூள் ஒரு டீஸ்பூன், ஜாதிக்காய் கால் டீஸ்பூன், கிராம்புத் தூள் கால் டீஸ்பூனுக்கும் குறைவு. கிராம்பில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள், கொஞ்சம் கூடினாலும் நாக்கு மரத்துப்போய்ப் பல்வலி மருந்து ஞாபகம் வந்துவிடும். இத்தனை கொஞ்ச மசாலா மிக்ஸியில் அரைபடாமல் சுற்றிச் சுற்றி வருகிறதே என்பவர்கள், எடுத்துவைத்த சர்க்கரையில் பாதியை அதோடு சேர்த்து அரைத்துச் சலித்துவிடுங்கள், நைசாக வரும். ஒரு கமலா ஆரஞ்சின் தோலை, வெள்ளைப் பகுதி வராமல், துருவிப் போட்டால் கிறிஸ்துமஸ் வாசனை வீடு முழுக்க வரும்.

முட்டையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, சலித்த மாவைக் கொட்டிக் கலந்து, லேசாக வறுத்த பாதாமை முழுசாகவே சேருங்கள். மாவு கையில் ஒட்டும், அதற்குப் பயந்து மேலும் மேலும் மைதா தூவினால் கல்லாகிவிடும், கையை ஈரமாக்கிக்கொண்டால் போதும். முட்டை சிறியதாக இருந்து மாவு சேராவிட்டால் ஒரு ஸ்பூன் பால் விடலாம். இரண்டு நீளக் கட்டைகளாக, ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு உருட்டித் தட்டில் இடைவெளி விட்டு வையுங்கள், வேகும்போது பக்கவாட்டில் பரவும். 175 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். வெளியே எடுத்து வெதுவெதுப்பாகும்வரை ஆறவிட்டு, சாய்வாக ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி, 150 டிகிரியில் ஒரு பக்கம் பத்து நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு பத்து நிமிடம். அவ்வளவுதான்.

முதல் தடவை வெந்தது அழகாக இருந்தது. வெட்டும்போது பாதாம் ஒரு பக்கம், பிஸ்கட் ஒரு பக்கம் என்று பொடிப்பொடியாகிவிட்டது.
*வாசகர், கோவை*

சுடச்சுட வெட்டினீர்களா, இல்லை முழுக்க ஆறவிட்டு மறுநாள் வெட்டினீர்களா? இரண்டுமே உடையும். சூடாக இருந்தால் உள்ளே இன்னும் பிசுபிசுப்பாக இருப்பதால் கத்தி இழுத்துக்கொண்டே போகும், முழுக்க ஆறிவிட்டால் மேல் ஓடு இறுகிப்போய் கத்தி பட்ட இடத்தில் தெறிக்கும். கட்டையின் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும், அதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும், அதுதான் நேரம்.

கத்தியும் முக்கியம். காய் நறுக்கும் கத்தியை அழுத்தினால் பாதாமில் முட்டி நின்றுவிடும், நீங்கள் இன்னும் பலமாக அழுத்துவீர்கள், அங்கேதான் பிளக்கிறது. பிரெட் வெட்டும் பல் வைத்த கத்தியால், இடது கையால் கட்டையை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மரம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் மெதுவாக இழுங்கள். மேல் ஓட்டை அறுத்து முடிக்கும்வரை கீழ்நோக்கி அழுத்தவே கூடாது. ஓடு மிகவும் இறுகிவிட்டதாகத் தோன்றினால் தண்ணீரை லேசாகத் தெளித்து ஐந்து நிமிடம் விடுங்கள், வழிக்கு வரும். அப்படியும் இரண்டு மூன்று உடையத்தான் செய்யும், அதைத் தின்னத்தானே சமையலறை வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள்.

செய்த அன்று மொறுமொறுப்பு. இரண்டாம் நாளே நமத்துவிடுகிறது. சென்னை மழைதான் காரணமா?
*வாசகி, சென்னை*

மழையும் ஒரு காரணம். ஆனால் முழுப் பழியையும் வடகிழக்குப் பருவமழை மேல் போட்டுவிட முடியாது. இரண்டாவது தடவை ஓவனில் வைப்பது நிறம் ஏற்றுவதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதனால் ஓரம் பொன்னிறமானதும் அவசரமாக வெளியே எடுத்துவிடுகிறார்கள், நடுவில் ஈரம் அப்படியே இருக்கும். அந்த ஈரம் டப்பாவுக்குள் போய் எல்லாத் துண்டுக்கும் பரவுகிறது.

இரண்டாவது சூடு ஈரத்தை விரட்டத்தான். அதனால்தான் டிகிரியைக் குறைக்கிறோம். நிறம் வந்துவிட்டது, ஆனால் நடுவில் அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது என்றால் 130 டிகிரிக்கு இறக்கி இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் ஓவனை அணைத்துவிட்டு, கதவைக் கொஞ்சமாகத் திறந்து அங்கேயே ஆறவிடுங்கள். சூடாக எடுத்தபோது சற்று மெத்தென்று இருப்பது இயல்பு, சர்க்கரை ஆறும்போதுதான் இறுகும். ஆறிய பிறகு இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், 'டக்' என்று கேட்டால் சரி, 'தொப்' என்றால் திரும்ப ஓவனுக்கு. கைச்சூடு கூட இல்லாத அளவு ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும். ஏற்கெனவே நமத்ததையும் தூக்கிப் போடாதீர்கள், 150 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் காட்டினால் உயிர் வந்துவிடும்.

நாங்கள் முட்டை சேர்ப்பதில்லை. வேறு வழி?
*வாசகி, தஞ்சாவூர்*

இரண்டு முட்டைக்குப் பதில் 50 கிராம் வெண்ணெயை உருக்கிச் சேர்த்து, 75 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள், மாவு திரண்டதும் பாலை நிறுத்திவிடலாம். பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன். ருசி நன்றாகவே இருக்கும், ஆனால் பிடிமானம் குறைவு, அதனால் பாதாமைப் பாதியாக நறுக்கிப் போட்டு, இரண்டு சென்டிமீட்டர் கனமாக வெட்டுங்கள். முட்டை போட்டதுபோலவே வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது பிஸ்கட் பக்கம் கொஞ்சம் சாய்ந்த பிஸ்காட்டி.

மாமியாருக்கு வாயில் வைக்கவே முடியவில்லை, "இதென்ன செங்கல்லா?" என்கிறார். மென்மையாக வராதா?
*வாசகி, மதுரை*

உங்கள் மாமியார் கேட்டது நியாயம்தான், ஆனால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். இத்தாலியில் ஃப்ளாரன்ஸுக்குப் பக்கத்தில் பிராத்தோ என்றொரு ஊர். அங்கே அந்தோனியோ மத்தேய் என்பவர் 1858-ல் தொடங்கிய கடை இன்றும் இருக்கிறது, நீலக் காகிதப் பையில் கட்டித் தருவார்கள். மாவு, சர்க்கரை, முட்டை, பாதாம், பைன் கொட்டை, இவ்வளவுதான் அங்கே பிஸ்காட்டி. வெண்ணெய் கிடையாது, பேக்கிங் பவுடரும் கிடையாது. அதை யாரும் சும்மா கடிப்பதும் இல்லை. சாப்பாடு முடிந்த பிறகு வின் சாந்தோ என்கிற இனிப்பு ஒயினில் முக்கித்தான் சாப்பிடுவார்கள். நாம் செய்கிற பட்டை, கிராம்பு வகை அமெரிக்க வீடுகளின் கிறிஸ்துமஸ் டப்பாக்களில் அதிகம் காண்பது. அங்கே வெண்ணெய் சேர்த்து மென்மையாக்குவார்கள்.

ஆகவே மாமியாருக்கு இரண்டு வழி. மாவில் 40 கிராம் வெண்ணெய் சேர்த்து இரண்டாவது சூட்டைப் பக்கத்துக்கு ஐந்து நிமிடமாகக் குறைக்கலாம், சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் சூடான ஃபில்டர் காபியில் முக்கிக் கொடுங்கள். பொறையை டீயில் நனைத்துச் சாப்பிட்டுப் பழகிய தலைமுறைக்கு இதைக் கற்றுக்கொடுக்கத் தேவையே இல்லை. என் ஓட்டு காபிக்குத்தான்.

ஓவன் இல்லை. குக்கரில் செய்யலாமா?
*வாசகர், திண்டுக்கல்*

முதல் கட்டம் ஆகும். கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல், அடியில் உப்புப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு மிதமான தீயில் வேகவிடுங்கள். இடம் சின்னது, அதனால் குட்டிக் கட்டைகளாகப் போட வேண்டும். இரண்டாவது கட்டத்தில்தான் சிக்கல், மூடிய பாத்திரத்துக்குள் ஈரம் வெளியேறாது. கனமான தோசைக்கல்லில், மூடாமல், தீயை மிகவும் குறைத்து, திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைப்பதே மேல். பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஃபோன் வந்தால் எடுக்காதீர்கள்.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா?
*வாசகி, தூத்துக்குடி*

சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்தால் வாசனைக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் கருப்பட்டி காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், முழுக்க அதையே போட்டால் உங்கள் கடற்கரைக் காற்றுக்கு மொறுமொறுப்பு நிற்காது. மூன்றில் ஒரு பங்கு கருப்பட்டியைத் துருவிச் சேருங்கள், பாகு காய்ச்சி ஊற்ற வேண்டாம். அப்புறம், உங்கள் ஊர் மக்ரூனுக்கு வெள்ளைக்கரு போக மிஞ்சும் மஞ்சள் கருவைக் கொஞ்சம் பாலில் அடித்து, ஓவனில் வைக்கும் முன் கட்டையின் மேல் தடவிப் பாருங்கள், பளபளவென்று வரும்.

கிறிஸ்துமஸ் தட்டில் அச்சு முறுக்கு, அதிரசத்தோடு இதையும் வைக்கலாமா?
*வாசகி, நாகர்கோவில்*

வையுங்கள், ஆனால் தனி உறையில். அதிரசத்தோடு ஒட்டி வைத்தால் எண்ணெயையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். சாக்லேட்டில் ஒரு முனையை முக்குவதாக இருந்தால் சாக்லேட் முழுக்க இறுகிய பிறகு பட்டர் பேப்பரில் சுற்றுங்கள். 20-ஆம் தேதி வாக்கில் செய்துவைத்தால் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அதிரச வேலைக்குக் கை காலியாக இருக்கும்.