'ஸெபு' மாட்டுக்குத் தமிழில் என்ன பெயர்? மற்ற மொழிகளில் எப்படிச் சொல்கிறார்கள்?

ஸெபு என்பது திமில் உள்ள நம் நாட்டு மாட்டினம்தான். 'திமில் மாடு' என்று எழுதுங்கள், பொருள் சரியாகப் போய்ச் சேரும். பேச்சில் மட்டும் அந்தச் சொல் எடுபடாது. செவ்வாய்க்கிழமை திருநெல்வேலி மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில் "திமில் மாடு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டால், திமில் இல்லாத நாட்டு மாடு ஏது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அங்கே பேச்செல்லாம் காளையா எருதா, வயசுக்கு ரெண்டு பல்லா நாலு பல்லா, உழவுக்கா வண்டிக்கா என்பதுதான். திமில் இல்லாமல் வெளியிலிருந்து வந்ததற்குத்தான் 'சீமை மாடு' என்று நாம் தனிப்பெயர் வைத்தோம்.

அண்டை மொழிகளிலும் இதே கதைதான். தெலுங்கில் எத்து, கன்னடத்தில் எத்து, ஹோரி, மலையாளத்தில் காள, இந்தியில் பைல். எதிலும் திமில் பற்றிய குறிப்பே இல்லை. திமிலுக்குத்தான் தனிச்சொல்: தெலுங்கில் மூபுரம், மலையாளத்தில் பூஞ்ஞ, வடமொழியில் ககுத்.

திமில் புதுமையாகத் தெரிந்த நாடுகளில் அதுவே பெயராகிவிட்டது. ஜப்பானியரின் 'கோபு உஷி', ஜெர்மானியரின் 'புக்கெல்ரிண்ட்' இரண்டும் நேராகத் திமில் மாடுதான். சீனர்கள் 'கழலை மாடு' என்ற பொருளில் 'லியூநியூ' என்கிறார்கள். 'ஸெபு' என்பது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கை அறிஞர் பூஃபோன் எழுத்தின் வழியே பரவியது. ஸ்பானிய மொழியில் அதுவே 'செபூ'. நம் ஓங்கோல் மாடு பிரேசிலுக்குப் போய் நெல்லூர் பெயரால் 'நெலோர்' ஆகிவிட்டது.

மொழிபெயர்க்கும்போது அதிகம் நடக்கும் தவறு, ஸெபுவைக் 'காளை' என்று போட்டுவிடுவது. ஸெபு என்பதில் பசுவும் அடக்கம். இனப்பெருக்கத்துக்கு விட்டது பொலிகாளை, காயடித்து வேலைக்குப் பழக்கியது எருது. திமிலின் அளவும் இதனால்தான் மாறும். அது ஒட்டகத்துக்குப் போல வெறும் கொழுப்பு இல்லை, பெரும்பகுதி தசை. ஆண் ஹார்மோனால் பெருப்பது. அதனால் இளசிலேயே காயடித்த மாட்டுக்குக் காளை அளவுக்குத் திமில் ஏறாது, பசுவுக்கும் சிறிதாகவே இருக்கும். 'காட்டெருமை' என்று எழுதுவது இன்னும் மோசம், அந்தப் பெயருக்குரிய, களக்காடு மலையில் திரிகிற காட்டுமாடு வேறு இனம். அறிவியல் பெயர் கேட்டால் போஸ் இண்டிகஸ், ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758-இல் வைத்தது.

சங்கப் பாட்டில் தேடுவதானால் 'இமில்' என்று தேடுங்கள். அங்கே 'திமில்' பெரும்பாலும் மீன்பிடி படகு.